வீட்டு ஸ்பீக்கரில் பாட்டு விட்டு விட்டுக் கேட்குதா? ஒயரா, வயர்லெஸ்ஸா... எது எங்கே சரி?

செல்போனில் பாட்டு ஓடுகிறது. ஹாலில் இருக்கும் ஸ்பீக்கரில் அது கேட்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் பல்லவி முடிவதற்குள் இரண்டு முறை அறுந்து, சரணத்தில் ஒரு முறை காணாமலே போய்விடுகிறது. "இந்த ஸ்பீக்கர் சரியில்ல, வேற நல்லதா வாங்கணும்" என்று பேச்சு முடிகிறது.

கொஞ்சம் பொறுங்க. இப்படி விட்டு விட்டுக் கேட்கும்போது தப்பு பெரும்பாலும் ஸ்பீக்கரில் இருப்பதில்லை. பாட்டு வந்து சேரும் வழியில் இருக்கிறது. அந்த வழியில் எந்த இடத்தில் ஒயர் போட வேண்டும், எந்த இடத்தில் தேவையே இல்லை என்று தெரிந்தால் புது ஸ்பீக்கர் செலவு மிச்சமாகலாம்.

ஓட்டை போன கதை

இந்த மாற்றத்தை ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியை வைத்தே சொல்லிவிடலாம். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அந்தக் காலத்து பட்டன் போன்களில் எஃப்எம் கேட்க வேண்டுமென்றால் ஒயர் ஹெட்செட்டைக் குத்தியே ஆக வேண்டும். காரணம், அந்த ஒயர்தான் ரேடியோவுக்கு ஆன்டெனா. ஒயர் இல்லாமல் பாட்டே இல்லை.

2014 நவம்பரில் அந்த ஆலை உற்பத்தியை நிறுத்தியது. பின்னர் அந்த வளாகம் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்று அதே வட்டாரத்தில், சுங்குவார்சத்திரம் பக்கம் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் தயாராகின்றன. 2016-ல் வந்த ஐபோன் 7 முதலே ஐபோன்களில் இயர்போன் குத்தும் 3.5 மில்லிமீட்டர் ஓட்டை கிடையாது. பல ஆண்ட்ராய்டு போன்களும் அதே வழியில் போய்விட்டன. எஃப்எம்முக்கு ஒயர் கட்டாயமாக இருந்த போன் தயாரான ஊரில், ஒயர் குத்த இடமே இல்லாத போன் தயாராகிறது.

போனில் ஓட்டை போனது சரி, வீட்டு ஸ்பீக்கருக்கும் ஒயர் தேவையில்லை என்று ஆகிவிட்டதா? இல்லை. இங்கேதான் நிறையப் பேர் குழம்பிவிடுகிறார்கள்.

ஒரு பாட்டுக்கு இரண்டு பயணம்

ஆப்பில் பாட்டைப் போட்டதும் அது இரண்டு கட்டமாக வருகிறது. முதல் கட்டம், இணையத்திலிருந்து உங்கள் போனுக்கோ டிவிக்கோ வருவது. இரண்டாவது கட்டம், போனிலிருந்தோ டிவியிலிருந்தோ ஸ்பீக்கருக்குப் போவது. இரண்டிலும் ஒயர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 'வயர்லெஸ் ஸ்பீக்கர் மோசம்' என்று மொத்தமாகச் சொல்வதில் அர்த்தமில்லை. எந்தக் கட்டத்தில் அறுகிறது என்பதுதான் கேள்வி.

கம்பெனி பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் வேகமாக வந்த பஸ், ஷிப்ட் மாறும் நேரத்தில் சந்திப்பில் வந்து மாட்டிக்கொள்கிறது. பஸ்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. வயர்லெஸ் என்பது எல்லா கம்பெனி பஸ்ஸும் போகும் பொதுச் சாலை. ஒயர் என்பது உங்கள் பஸ்ஸுக்கு மட்டும் போட்ட தனிப் பாதை.

அந்தப் பொதுச் சாலையில் யாரெல்லாம் போகிறார்கள்?

புளூடூத்தும் பழைய வகை வைஃபையும் ஓடுவது ஒரே அலைவரிசையில்: 2.4 ஜிகாஹெர்ட்ஸ். இந்தியாவில் 2005-லிருந்து இதைப் பயன்படுத்த தனி லைசென்ஸ் வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பதால் எல்லாரும் ஓட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு ரவுட்டர், மேல் மாடிக்காரரின் புளூடூத் ஹெட்செட், ஒயர் இல்லாத மவுஸ், ஸ்மார்ட் பல்பு... எல்லாமே இதற்குள்தான். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் இதே 2.45 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்தில். அதன் கதவு வழியாகக் கசிவது உடலுக்கு ஆபத்தில்லாத மிகச் சிறிய அளவுதான், ஆனால் பக்கத்தில் இருக்கும் புளூடூத் ஸ்பீக்கரைத் திக்க வைக்க அது போதும்.

இந்த 2.4 ஜிகாஹெர்ட்ஸில் வைஃபைக்கு ஒன்றோடு ஒன்று மோதாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. தனி வீடு, சுற்றிலும் தோட்டம் என்றால் பிரச்னையில்லை. ஆனால் தொழிற்சாலைகளை நம்பி வளர்ந்த ஊர்களில் வீடுகள் அப்படி இல்லை. ஒரே கட்டடத்தில் பத்து போர்ஷன், போர்ஷனுக்கு ஒரு ரவுட்டர், ஆளுக்கு ஒரு போன் என்றால் மூன்று சேனலில் எத்தனை பேர் முட்டி மோதுவார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதி வளாகத்தில் 18,720 பேர் தங்கலாம். ஆளுக்கு ஒரு போன் என்று வைத்தாலே, அந்த வளாகத்துக் காற்றில் எவ்வளவு நெரிசல் இருக்கும்!

புளூடூத் இந்த நெரிசலுக்குத் தயாராகத்தான் வருகிறது. 79 சிறு சேனல்களுக்குள் விநாடிக்கு 1,600 முறை தாவித் தாவி, காலியாக இருக்கும் இடம் பார்த்துப் போகும். 2003-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, நெரிசலான சேனலை அடையாளம் கண்டு தவிர்க்கவும் கற்றுக்கொண்டது. ஆனாலும் எல்லாச் சேனலும் நிரம்பிவிட்டால் தாவுவதற்கு இடமேது?

அதிகம் பேர் கவனிக்காத காரணம் இன்னொன்று உண்டு. பல போன்களில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிப், ஒரே ஆன்டெனா. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பாட்டை இறக்கிக்கொண்டே, அதே அலைவரிசையில் புளூடூத் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்பும்போது, இரண்டும் மாறி மாறித்தான் பேச முடியும். போனை 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றினாலோ, வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஓடவிட்டாலோ திக்கல் நின்றுவிடுகிறதா பாருங்கள். நின்றால் பைசா செலவில்லாமல் வேலை முடிந்தது.

சுவர், பீரோ, நம் உடம்பு

5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம். 2018 அக்டோபரில் மத்திய அரசு இதில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தும் பகுதியைப் பெரிதாக விரிவாக்கியது. ஒரு குறை, சுவர் தாண்டினால் சீக்கிரம் வலுவிழந்துவிடும். கான்கிரீட்டுக்குள் கம்பி இருந்தால் இன்னும் மோசம்.

வீட்டுக்குள் பெரிய வில்லன் இரும்பு பீரோ. ரவுட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் பீரோ நின்றால் அலை அதைத் துளைத்துப் போகாது, சுற்றித்தான் போக வேண்டும். டிவிக்குப் பின்னால் ரவுட்டரை ஒளித்து வைப்பதும் அப்படித்தான், பார்க்க அழகு, சிக்னலுக்குக் கேடு. ரவுட்டரோடு ஒட்டி யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் இருந்தாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளம்பும்.

நம் உடம்பும் தடைதான். உடம்பில் தண்ணீர் அதிகம், தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சும். போன் பின் பாக்கெட்டில் இருக்க, ஸ்பீக்கர் முன்னால் இருந்தால், ஒரு திருப்பத்தில் பாட்டு அறுவதற்கு இதுதான் காரணம்.

புளூடூத் வேறு, வைஃபை ஸ்பீக்கர் வேறு

கடையில் இரண்டையும் 'வயர்லெஸ்' என்றே சொல்வார்கள். வேலை செய்யும் விதம் வேறு.

புளூடூத்தில் போன்தான் எல்லாம். பாட்டை இறக்குவது, மறுபடி சுருக்குவது, ஸ்பீக்கருக்கு அனுப்புவது எல்லாமே அது. போன் கால் வந்தால் பாட்டு நிற்கும். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனால் பாட்டும் போய்விடும், பொதுவாக 10 மீட்டர்தான் எல்லை. ஸ்பீக்கர் கையிருப்பில் வைத்திருக்கும் பாட்டு ஒரு விநாடியின் சிறு பகுதிக்குத்தான் வரும். அதனால் சின்னத் தடங்கலும் காதில் கேட்டுவிடுகிறது.

வைஃபை ஸ்பீக்கரில், குறிப்பாக கூகுள் காஸ்ட் போன்ற முறையில், போன் வெறும் ரிமோட். 'இந்தப் பாட்டைப் போடு' என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. ஸ்பீக்கரே ரவுட்டர் வழியாக இணையத்திலிருந்து பாட்டை எடுத்துக்கொள்கிறது. பல விநாடிக்கான பாட்டை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதால் நடுவில் சிக்னல் கொஞ்சம் போய் வந்தாலும் தெரியாது. போன் கால் வந்தாலும் பாட்டு ஓடும்.

ஆனால் இதற்கு வீட்டில் நிரந்தரமாக பிராட்பேண்ட் வேண்டும். போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி வாழும் பேச்சிலர் ரூமுக்கு வைஃபை ஸ்பீக்கர் வாங்குவது வம்பு. ஹாட்ஸ்பாட் தரும் போனும், ரிமோட்டாக இருக்கும் போனும் ஒன்றாக இருந்தால் பல சமயம் ஒத்துழைக்காது. அங்கே புளூடூத்தே மேல். கரண்ட் போனாலும் பேட்டரி ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருக்கும். வைஃபை ஸ்பீக்கருக்கு ரவுட்டரும் உயிரோடு இருக்க வேண்டும்.

சரி, ஒலித் தரத்தில் எவ்வளவு வித்தியாசம்?

சிடி தரத்தில் ஒரு பாட்டுக்கு விநாடிக்கு 1,411 கிலோபிட் தேவை. எல்லா புளூடூத் ஸ்பீக்கருக்கும் பொதுவான எஸ்பிசி முறை அதிகபட்சமாக அனுப்புவது வழக்கமாக 328 கிலோபிட் அளவுதான், கால் பங்குக்கும் குறைவு. ஐபோன் ஏஏசி முறையில் சுமார் 256 கிலோபிட் அனுப்பும். ஆண்ட்ராய்டில் 2017 முதல் இருக்கும் எல்டேக் முறை 990 வரை போகும். ஆனால் காற்று நெரிசலானால் அதுவே 660, 330 என்று இறங்கிவிடும். எல்டேக் வேலை செய்ய போன், ஸ்பீக்கர் இரண்டிலுமே அது இருக்க வேண்டும். ஐபோனில் எல்டேக் கிடையாது.

2021-ல் ஆப்பிள் மியூசிக், தரம் குறையாத 'லாஸ்லெஸ்' பாட்டுகளைக் கூடுதல் கட்டணமின்றிக் கொடுக்கத் தொடங்கியது. அப்போதே, புளூடூத்தில் லாஸ்லெஸ் கேட்க முடியாது என்பதையும் அந்த நிறுவனம் சொன்னது. அதாவது, லாஸ்லெஸ்ஸுக்காக அதிக டேட்டா செலவழித்துப் பாட்டை இறக்கி, கடைசியில் புளூடூத்தில் சுருக்கி அனுப்பினால், அந்த டேட்டா அவ்வளவும் வீண்.

டேட்டா கணக்கும் சொல்லிவிடலாம். 320 கிலோபிட்டில் ஒரு மணி நேரம் பாட்டு கேட்டால் சுமார் 144 எம்பி. தினம் 1.5 ஜிபி பேக்கில் பத்து மணி நேரம் தாண்டும். லாஸ்லெஸ் என்றால் இதைப் போல இரண்டு, மூன்று மடங்கு.

அப்போ புளூடூத் காதுக்கு மோசமா? சாதாரண ஹாலில், ஃபேன் ஓடிக்கொண்டிருக்க, குக்கர் விசில் அடிக்க, 256 கிலோபிட் ஏஏசிக்கும் சிடி தரத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். ஸ்பீக்கரின் தரமும் அதை வைத்திருக்கும் இடமும் அதைவிட அதிகம் கேட்கும். ஸ்பீக்கரை மூலையில் தள்ளி வைத்தால் பேஸ் ஊதிப் பெருத்து, பாடுபவர் குரல் அமுங்கிப் போகும். சுவரைவிட்டு ஒரு முழம் முன்னால் இழுத்து வையுங்கள், புது ஸ்பீக்கர் வாங்கியது போல இருக்கும். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டாரும் வயலினும் தனித்தனியாகக் கேட்கவில்லை என்றால், புளூடூத்தைத் திட்டும் முன் இதைச் செய்து பார்க்கலாம்.

டிவி என்றால் கணக்கே வேறு

டிவியில் படம் பார்க்கும்போது புளூடூத்தின் உண்மையான பலவீனம் வெளியே வருகிறது. பாட்டைச் சுருக்கி, அனுப்பி, விரித்துக் கொடுக்க 100 முதல் 250 மில்லிவிநாடி வரை ஆகலாம். பாட்டு மட்டும் கேட்டால் இது தெரியவே தெரியாது. படத்தில் வாய் முதலில் அசையும், வசனம் பிறகு வரும். 200 மில்லிவிநாடி தாமதம் என்பது திரையிலிருந்து கிட்டத்தட்ட 70 மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். போனில் வீடியோ பார்க்கும்போது பல ஆப்கள் படத்தையும் அதே அளவு தாமதித்துச் சரிக்கட்டிவிடும். டிவிகள் எல்லாம் அப்படிச் செய்வதில்லை. கேம் ஆடுகிறவர்களுக்குச் சரிக்கட்டவும் வழியில்லை.

அதனால் டிவிக்கும் சவுண்ட்பாருக்கும் நடுவில் ஒயர்தான். ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொடங்கியது 2007-ல், அங்கே டிவிகள் தயாராகின்றன. எந்தக் கம்பெனி டிவியாக இருந்தாலும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். எச்டிஎம்ஐ ஓட்டைகளில் ஏதாவது ஒன்றின் பக்கத்தில் 'ஏஆர்சி' அல்லது 'ஈஏஆர்சி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். சவுண்ட்பாரை அந்த ஓட்டையில்தான் குத்த வேண்டும். பக்கத்து ஓட்டையில் குத்திவிட்டு 'சத்தமே வரல' என்று திரும்பிக் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு.

ஏஆர்சி வசதி 2009-ல் எச்டிஎம்ஐ 1.4 பதிப்போடு வந்தது. இதில் டிவி ரிமோட்டிலேயே சவுண்ட்பாரின் ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது பெரிய சௌகரியம். பழைய டிவியில் ஏஆர்சி இல்லையென்றால் ஆப்டிகல் கேபிள் போதும். இது 1983-ல் தோஷிபா கொண்டுவந்தது, ஒயருக்குள் மின்சாரம் போகாது, வெளிச்சம்தான் போகும். மடக்கி ஒடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒயரில் எங்கே செலவு செய்யலாம், எங்கே வேண்டாம்?

ஒயர் என்றால் குறையே இல்லை என்று அர்த்தமில்லை. லேப்டாப்பைச் சார்ஜில் போட்டு, அதிலிருந்து ஆக்ஸ் கேபிளில் ஹோம் தியேட்டருக்குக் கொடுத்தால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்கலாம். இரண்டும் வெவ்வேறு பிளக்கில் எர்த் ஆகி, நடுவில் ஆக்ஸ் ஒயர் ஒரு வளையத்தை மூடிவிடுவதுதான் காரணம். சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றால் சந்தேகமே வேண்டாம். இரண்டையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் குத்திப் பாருங்கள். எர்த் பின்னை உடைத்து எடுப்பது தீர்வு இல்லை. ஷாக் அடிக்கும்.

போனிலிருந்து ஆக்ஸ் எடுக்க யூஎஸ்பி-சி அடாப்டர் வாங்கும்போது கவனம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் ஒயர், மற்றொன்றில் டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சின்ன சிப் இருக்கும். 2023-ல் வந்த ஐபோன் 15 முதல் யூஎஸ்பி-சிதான், அவற்றுக்கும் பல ஆண்ட்ராய்டு போன்களுக்கும் சிப் உள்ள வகைதான் வேலை செய்யும். 'டேக்' என்று அட்டையில் போட்டிருக்கிறதா எனக் கேட்டு வாங்கலாம்.

ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரில் தடிமன் முக்கியம். 5 மீட்டர் தூரத்துக்கு ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால், போக வர சேர்த்து தடை 0.17 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது தூசு. அதற்கு மேல் தங்க முலாம், ஆக்சிஜன் இல்லாத செம்பு என்று விலை ஏற்றுவதற்குக் காது சாட்சி சொல்லாது. எச்டிஎம்ஐ, லேன் போன்ற டிஜிட்டல் கேபிள்களில் இன்னும் மோசம். குறுகிய தூரத்தில் சிக்னல் வந்தால் முழுசாக வரும், வராவிட்டால் வெட்டு விழும். விலை உயர்ந்த கேபிளால் பாட்டு 'இனிமை' ஆகாது.

பணம் போடுவதென்றால் லேன் கேபிளில் போடலாம். டிவி, ஸ்ட்ரீமிங் பாக்ஸ், லேன் ஓட்டை உள்ள ஸ்பீக்கர் எல்லாம் ஓரிடத்தில் அசையாமல் இருப்பவை. ரவுட்டரிலிருந்து இவற்றுக்குச் சாதாரண கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள் இழுத்தால் 100 மீட்டர் வரை பிரச்னையில்லை. இதில் இன்னொரு லாபமும் உண்டு. டிவி வைஃபையை விட்டு இறங்கியதும், போனுக்கும் மற்ற ஸ்பீக்கருக்கும் காற்றில் இடம் கிடைக்கிறது.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க ஹவுஸ் ஓனர் விடமாட்டாரே? தட்டை லேன் கேபிள் கிடைக்கிறது. தரையோரம் ஒட்டி, கதவுக்கு அடியில் விட்டுவிடலாம். காலி பண்ணும்போது உரித்து எடுத்துக்கொண்டு போகலாம்.

கடைக்காரர் சொல்லாத இன்னொன்று: 'வயர்லெஸ் ரியர் ஸ்பீக்கர்' என்று விற்கும் ஹோம் தியேட்டர்களில், பின்னால் வைக்கும் ஸ்பீக்கருக்குப் பெரும்பாலும் கரண்ட் ஒயர் தேவை. சோபாவுக்குப் பின்னால் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஸ்பீக்கர் ஒயருக்குப் பதில் ஜங்ஷன் பாக்ஸ் ஒயர் ஹாலைக் கடந்து போகும்.

வாங்கும் முன் பத்து நிமிடச் சோதனை

முதலில், பாட்டைப் போனிலேயே டவுன்லோடு செய்து, வைஃபையையும் டேட்டாவையும் அணைத்துவிட்டு, புளூடூத்தில் ஓட விடுங்கள். இப்போதும் திக்கினால் பிரச்னை போனுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில். போனை ஒரு மீட்டர் தூரத்தில் வைத்துப் பாருங்கள். அப்போது சரியானால் பீரோ, சுவர், நெரிசல் என்று காரணம் தேடலாம். பக்கத்தில் வைத்தும் திக்கினால் ஆக்ஸ் ஒயர் குத்திப் பாருங்கள், அதிலும் விட்டு விட்டு வந்தால் மட்டுமே ஸ்பீக்கரைச் சர்வீஸுக்குத் தூக்க வேண்டும்.

டவுன்லோடு செய்த பாட்டு நன்றாக ஓடி, ஆன்லைனில் மட்டும் நின்று நின்று வந்தால் பிரச்னை இணையத்தில் அல்லது ரவுட்டரில். இரவு எட்டு மணிக்கு மட்டும் நின்று, காலையில் சரியாக இருந்தால் அக்கம்பக்கத்து நெரிசல். ரவுட்டர் செட்டிங்ஸில் சேனலை 1, 6, 11-க்குள் மாற்றிப் பார்க்கலாம், 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் தனியாகத் தெரிந்தால் அதில் சேரலாம்.

இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும் ஒருவர் அறையில் இருந்தால், ஸ்பீக்கரே வேண்டாம், ஒயர் ஹெட்போன் போதும். அதற்குச் சார்ஜும் போட வேண்டாம், பக்கத்து வீட்டு ரவுட்டரும் அதைத் தொட முடியாது. யூஎஸ்பி-சி முனையோடு வருகிற ஒயர் ஹெட்போன்கள் கடைகளில் இருக்கின்றன, அடாப்டர் தனியாக வாங்கத் தேவையில்லை.